சென்னை சிட்டி காற்பந்துக் கழகம்

சென்னை சிட்டி காற்பந்துக் கழகம் (சுருக்கமாகச் சென்னை சிட்டி எஃப்சி) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு தொழில்முறைக் காற்பந்துக் கழகம் ஆகும். இது 2016-17 பருவம் முதல் 2020-21 பருவம் வரை, ஐந்து பருவங்கள் இந்தியாவின் ஐ-லீக் போட்டியில் ஆடியது. 2018-19 பருவத்தில் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்று ஐ-லீக் வாகையர் பட்டத்தை வென்றது. தேசிய லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று வென்றது இதுவே முதல் முறை. பட்டம் வென்ற மூன்றாம் ஆண்டில் இக்கழகம் அப்போட்டியில் இடம்பெறவில்லை.

சென்னையிலிருந்து இயங்கும் சென்னையின் எஃப்சி என்னும் மற்றொரு கழகத்துடன் இது அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது உண்டு. சென்னையின் எஃப்சி 2014 இல் தொடங்கப்பட்டு, இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் ஆடி, 2015 இலும் 2017-18 இலும் அதன் பட்டத்தை வென்றது. இவ்விரு கழகங்களுக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பு இல்லை.

பின்னணி

தமிழ்நாட்டில் காற்பந்து ஆட்டம் புதியதன்று. சென்னையில் காற்பந்துச் சங்கம் 1934 இல் தொடங்கப்பட்டது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர். ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் அதுவே. பிற்காலத்தில் இராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் 10 கோல்கள் அடித்து அப்பருவத்தின் முதன்மைக் கோலடிப்பாளர் ஆனார். ஆனால் அப்போது அவர் ஆடியது கேரளத்தின் எஃப்சி கொச்சி அணிக்காக. 2003 இல் ஆசியான் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் கலியா குலோத்துங்கன் இருந்தார். அதாவது, திறமையான ஆட்டக்காரர்கள் தமிழ்நாட்டில் தோன்றிக்கொண்டே இருந்தனர். அவர்கள் பெயர் பெற்றது பெரும்பாலும் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் கோவாவிலும்தான்.

இதற்குக் காரணம் சென்னைக் காற்பந்தின் அமைப்பு முறை. சென்னை லீக்கின் வலுவான அணிகள் நெடுங்காலம் அலுவலக அணிகளாகவே இருந்தன. இந்தியன் வங்கி, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுங்கத் துறை, வருமான வரித் துறை, கணக்காயர் அலுவலகம் போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை நடத்தின. ஓர் ஏழைக் குடும்பத்து இளைஞனுக்குக் காற்பந்து என்பது அரசு வேலைக்கான வழி. அது பெரிய பயன்தான், குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அலுவலக அணி ஊருக்கு உரியது அன்று. அதற்கு இரசிகர்கள் சேரமாட்டார்கள், நுழைவுச்சீட்டு விற்பனை இராது, இளையோர் அணிகள் இரா. வேலைக்கு ஆள் எடுப்பது குறைந்தபோது அணிகளும் மெலிந்தன.

தேசிய லீக் 1996-97 இல் தொடங்கி, 2007-08 முதல் ஐ-லீக் என்னும் பெயரில் நடைபெற்றது. மேற்கு வங்கம், கோவா, பஞ்சாப், மும்பை, பெங்களூர், மிசோரம் ஆகிய இடங்களின் அணிகள் பட்டம் வென்றிருந்தன. தென்னகத்தில் பெங்களூர் எஃப்சி 2013-14, 2015-16 ஆகிய இரு பருவங்களில் வென்றது.

ஐ-லீக்கில் நுழைவு

சென்னை சிட்டி கழகம் முதலில் சென்னையின் உள்ளூர் லீக்கில் ஆடி வந்தது. 2016 இல் அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு ஐ-லீக்கில் நேரடியாக இடம்பெற விரும்பும் கழகங்களிடம் விண்ணப்பம் கோரியது. இரண்டாம் பிரிவில் வென்று மேலேறுவதற்குப் பதிலாக, உரிய நிதி உறுதியும் கட்டமைப்பும் காட்டும் கழகத்துக்கு இடம் தரும் முறை இது. அவ்வாறு 2016-17 பருவத்தில் சேர்க்கப்பட்டவை சென்னை சிட்டியும் பஞ்சாபின் மினர்வா பஞ்சாப் கழகமும் ஆகும். இவ்விரு கழகங்களின் கதையும் பின்னர் ஒரு முக்கியமான நாளில் மீண்டும் சந்திக்கிறது. சென்னை சிட்டியின் உரிமையாளர் உரோகித் இரமேஷ்.

முதல் பருவத்தில் இராபின் சார்லசு இராஜா பயிற்றுநராகத் தொடங்கினார்; பின்னர் வி. சௌந்தரராஜன் பொறுப்பேற்றார். அணியில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் கணிசமாக இருந்தனர். பின்கள ஆட்டக்காரர் தர்மராஜ் இராவணன், பக்கவாட்டுத் தாக்குவீரர் நந்தகுமார் சேகர் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். 10 அணிகளுள் எட்டாவது இடம் கிடைத்தது. 2017-18 இலும் 19 புள்ளிகளுடன் மீண்டும் எட்டாவது இடமே. அப்பருவத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சிறப்பாக ஆடி, பருவ முடிவில் ஜம்சேத்பூர் எஃப்சிக்குச் சென்றார். ஐ-லீக்கில் நன்றாக ஆடும் ஒருவர் மறு ஆண்டு சூப்பர் லீக்குக்குப் போய்விடுவது அக்காலத்தின் வழக்கம். சிறிய கழகங்கள் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக அணி கட்ட வேண்டியிருந்தது.

ஆடுகளம்

கழகத்தின் பெயரில் சென்னை இருந்தாலும், அது புகழ்பெற்ற ஆட்டங்கள் கோயம்புத்தூரில் நடந்தன. முதல் பருவத்தில் சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆடிய கழகம் பின்னர் கோயம்புத்தூரில் அதே பெயர் கொண்ட அரங்குக்கு இடம்பெயர்ந்தது. வ. உ. சி. பூங்காவை அடுத்துள்ள இவ்வரங்கம் ஓடுதளம் சூழ்ந்த பல்நோக்கு அரங்கமாகும். ஓடுதளம் இருப்பதால் பார்வையாளர் வரிசை களத்திலிருந்து விலகியே இருக்கும். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு. சென்னை இரசிகர் ஒருவர் 'உள்ளூர்' ஆட்டம் பார்க்க இரவுத் தொடர்வண்டி ஏற வேண்டும் என்பதும், கோவை இரசிகர் வேறு ஊரின் பெயரைச் சொல்லி ஆரவாரிக்க வேண்டும் என்பதும் விந்தையே. எனினும் கோவை மக்கள் இவ்வணியைத் தம் அணியாகவே ஏற்றுக்கொண்டனர்.

2018-19 பருவம்

2018 இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசு தலைமைப் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். இவர் முன்னர் சிங்கப்பூரின் தம்பனீசு ரோவர்சு அணிக்குப் பயிற்சி அளித்தவர். பந்தை நீளமாக உதைத்து ஓடுவதை விட, காப்பாளரிடமிருந்தே குறுகிய பரிமாற்றங்களால் ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் முறையை இவர் விரும்பினார். அதற்கு ஏற்ற ஆட்டக்காரர்களைக் கழகம் ஸ்பெயின் நாட்டின் கீழ்நிலைப் பிரிவுகளில் தேடியது. தாக்குவீரர் பெட்ரோ மான்சி, நடுக்கள ஆட்டக்காரர்கள் சாண்ட்ரோ ரொட்ரிகசு, நெஸ்டர் கோர்டியோ, பின்கள ஆட்டக்காரர் ரொபர்ட்டோ எஸ்லாவா, காப்பாளர் நவுசெட் சந்தானா ஆகியோர் இவ்வாறு வந்தவர்கள். இவர்களுள் எவரும் ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். ஆனால் பந்தை இழக்காமல் ஆடும் பழக்கம் சிறு வயது முதலே அவர்களுக்கு ஊட்டப்பட்டிருந்தது. குறைந்த செலவில் ஓர் அணியை எவ்வாறு கட்டலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவர்களோடு எட்வின் சிட்னி வான்சுபால், மைக்கேல் ரெஜின், அலெக்சாண்டர் உரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் காமராஜ், பிரவித்தோ இராஜு முதலிய தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் ஆடினர். ஸ்பெயின் நாட்டவர் கோல் அடித்தனர், தமிழர் ஓடி உழைத்தனர் என்று பிரித்துப் பார்ப்பது தவறு. எட்வின் பின்களத்திலும் நடுக்களத்திலும் ஆடக்கூடியவர். வலப்புறத்தில் ஜேசுராஜின் வேகம் இல்லாமல் மான்சிக்குப் பல வாய்ப்புகள் அமைந்திரா.

பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, 2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில் இந்தியன் ஆரோசு அணியை 4-1 என வென்றது. உருகுவாயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிவந்த மான்சி அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். பருவ முடிவில் அவர் 21 கோல்கள் அடித்திருந்தார். சர்ச்சில் பிரதர்சு அணியின் வில்லிசு பிளாசாவும் அதே எண்ணிக்கையை எட்டினார். பட்டத்துக்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் அணியை இரு சுற்றுகளிலும் சென்னை சிட்டி வென்றது. 1920 இல் தொடங்கப்பட்ட அக்கழகத்துக்கு இலட்சக்கணக்கான இரசிகர்கள் உண்டு. அதன் பயிற்றுநர் அலெகாந்திரோ மெனந்தசும் ஸ்பெயின் நாட்டவரே.

இதே பருவத்தின் இடையில் இரு நிகழ்வுகள் நேர்ந்தன. ஒன்று, 2018 திசம்பரில் ஒளிபரப்பு நிறுவனம் எஞ்சிய ஐ-லீக் ஆட்டங்களுள் ஒரு பகுதியை மட்டுமே ஒளிபரப்பும் என்று அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சியில் வராத ஆட்டத்துக்கு விளம்பரதாரர் கிடைப்பது அரிது என்பதால் கழகங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. மற்றொன்று, 2019 சனவரியில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. 1893 இல் தோன்றி ஐரோப்பிய வாகையர் லீக்கில் பலமுறை ஆடிய ஒரு கழகம், உள்நாட்டில் அதிகம் காட்டப்படாத ஒரு போட்டியில் ஆடும் அணியில் முதலிட்டது பலருக்கும் வியப்பளித்தது.

இறுதி நாள்

2019 மார்ச்சு 9 அன்று கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடைபெற்றன. அதற்கு முன் சென்னை சிட்டி 40 புள்ளிகளும் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளும் பெற்றிருந்தன. வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்பதே புள்ளி முறை. ஆகவே சென்னை சிட்டி வென்றால் பட்டம் உறுதி; சமநிலை செய்து ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும்.

கோயம்புத்தூரில் எதிரணி மினர்வா பஞ்சாப். முந்தைய பருவத்தின் வாகையர். சென்னை சிட்டியோடு ஒரே ஆண்டில் ஐ-லீக்குக்குள் வந்தவர்கள். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே உரோலண்டு பிலாலா மினர்வாவுக்காக கோல் அடித்தார். இடைவேளை வரை அதே நிலை நீடித்தது. ஈஸ்ட் பெங்கால் ஆடிய கோழிக்கோட்டில் அப்போது கோல் எதுவும் விழவில்லை. இரண்டாம் பாதியில் சென்னை சிட்டிக்குத் தண்டனை உதை கிடைக்க, மான்சி அதை கோலாக்கினார். பின்னர் அசாமைச் சேர்ந்த பின்கள ஆட்டக்காரர் கௌரவ் போரா ஒரு கோல் அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் இரு கோல்கள் அடித்து கோகுலம் கேரளாவை 2-1 என வென்றது. எனவே கோவையில் ஒரு கோல் திரும்ப விழுந்திருந்தாலும் பட்டம் கைமாறியிருக்கும். கூடுதல் நேரத்தில் போரா தம் இரண்டாவது கோலை அடித்தபோதுதான் அரங்கம் மூச்சுவிட்டது. ஆட்டம் 3-1 என முடிந்தது. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி என்பது சென்னை சிட்டியின் அப்பருவக் கணக்கு.

2016-17 இல் மிசோரத்தின் ஐசால், 2017-18 இல் மினர்வா, 2018-19 இல் சென்னை சிட்டி என மூன்று பருவங்கள் தொடர்ந்து சிறிய கழகங்களே ஐ-லீக்கை வென்றன.

2019 மகளிர் காற்பந்திலும் தமிழ்நாட்டுக்கு நல்ல ஆண்டு. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி அதே ஆண்டு மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. சேது எஃப்சி 2016 இல் சீனி மொகைதீன் தொடங்கிய கழகம். மூன்று மாதங்களுக்குள் ஆடவர், மகளிர் லீக்குகள் இரண்டும் ஒரே மாநிலத்துக்கு வந்தன. துடுப்பாட்டச் செய்திகளுக்கு நடுவே இதனைக் கவனித்தவர் குறைவு.

சூப்பர் கோப்பையும் ஆசியப் போட்டிகளும்

பட்டம் வென்ற சில வாரங்களில் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பை நடைபெற்றது. ஐ-லீக்கின் எதிர்காலம் குறித்துக் கூட்டமைப்பு பேச மறுக்கிறது என்று கூறி, ஐ-லீக் கழகங்கள் பல இப்போட்டியைப் புறக்கணிக்க முடிவு செய்தன. தொடக்கத்தில் அவற்றுள் சென்னை சிட்டியும் இருந்தது. பின்னர் மனம் மாற்றி ஆடியது. அந்த முடிவு களத்தில் பயன் தந்தது. புனே சிட்டியை வென்று, காலிறுதியில் அவ்வாண்டின் சூப்பர் லீக் வாகையரான பெங்களூர் எஃப்சியை 2-1 என வீழ்த்தியது. இரு கோல்களையும் அடித்தவர் கோர்டியோ. அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் 0-3 எனத் தோற்றது. இரு லீக்குகளின் வாகையரும் நேருக்கு நேர் மோதியபோது வென்றது ஐ-லீக் அணி என்பதை அதன் இரசிகர்கள் இன்றும் சுட்டிக்காட்டுவர்.

ஐ-லீக் வாகையர் என்ற முறையில் 2020 ஆசிய வாகையர் லீக்கின் முன்தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. 2020 சனவரி 14 அன்று பகுரைனின் அல்-ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்றது. அதன்பின் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் குழுநிலையில் இடம் பெற்று, மார்ச்சு 11 அன்று மாலைத்தீவின் மாசியா அணியுடன் 2-2 எனச் சமநிலை செய்தது. இது சென்னை சிட்டியின் 'உள்ளூர்' ஆட்டமாயினும் நடந்த இடம் அகமதாபாது. அடுத்த சில நாட்களில் கொரோனா பெருந்தொற்றால் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டு, அப்பருவப் போட்டி கைவிடப்பட்டது. கழகத்தின் ஆசியக் கணக்கு அந்த இரு ஆட்டங்களோடு நின்றுவிட்டது.

மேலேறும் வழி

உலகின் பெரும்பாலான நாடுகளில் கீழ்ப்பிரிவில் முதலிடம் பெறும் அணி மேற்பிரிவுக்கு உயர்த்தப்படும். மேற்பிரிவின் கடைசி அணி கீழிறக்கப்படும். சிறிய ஊரின் கழகம் ஒன்று நம்பிக்கையோடு இயங்குவதற்கு இந்த ஏணியே காரணம். ஏறத்தாழ 13 இலட்சம் மக்களே வாழும் எசுத்தோனியாவில் கூட இவ்வாறு பல படிகள் கொண்ட லீக் அமைப்பு உண்டு. அங்குள்ள சிறு கழகங்கள் சில கோடையில் புல்தரையில் காற்பந்தும், பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஃபுட்சாலும் ஆடி ஆண்டு முழுவதும் தம் ஆட்டக்காரர்களையும் உறுப்பினர்களையும் பிணைத்து வைத்திருக்கின்றன. ஃபுட்சால் என்பது அணிக்கு ஐவர், ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட கடினத் தரை, குறைவாகத் துள்ளும் பந்து ஆகியவற்றோடு ஆடப்படுவது. குறைந்த செலவு பிடிப்பதால் சிறு கழகங்களுக்கு ஏற்றது. இந்தியாவில் கழகங்களுக்கான தேசிய ஃபுட்சால் போட்டி 2021 இல்தான் முதன்முதலில் நடைபெற்றது. அதனை டெல்லி எஃப்சி வென்றது.

இந்தியாவில் 2019 இல் ஏணி இல்லை. ஐ-லீக்கில் முதலிடம் பெற்ற சென்னை சிட்டி சூப்பர் லீக்குக்கு உயர்த்தப்படவில்லை. அதற்கு விதியே கிடையாது. அவ்வாண்டு அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட வழிகாட்டுத் திட்டத்தின்படி சூப்பர் லீக் நாட்டின் முதல் நிலைப் போட்டி ஆனது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஐ-லீக் வாகையர் 2022-23 பருவம் முதல் மேலே உயர்த்தப்படுவர் என்றும் அத்திட்டம் கூறியது. மூன்றாண்டு முன்னதாக வென்றவர்களுக்கு இதனால் பயன் இல்லை. இவ்விதியின்படி முதலில் உயர்ந்த கழகம் 2022-23 பட்டத்தை வென்ற ரவுண்டுகிளாசு பஞ்சாப். மினர்வா பஞ்சாப் கழகமே கைமாறி இப்பெயர் பெற்றது. 2016 இல் சென்னை சிட்டியோடு சேர்ந்து ஐ-லீக்கில் நுழைந்து, 2019 மார்ச்சு 9 அன்று கோயம்புத்தூரில் தோற்ற அதே கழகம்.

பிற்காலம்

வாகையர் அணி விரைவில் கலைந்தது. கோர்டியோ ஐதராபாத்துக்கும் எட்வின் சென்னையின் எஃப்சிக்கும் சென்றனர். மான்சி 2020 சனவரியில் சப்பானின் அல்பிரெக்சு நீகாத்தா அணியில் சேர்ந்தார். 2019-20 பருவம் பெருந்தொற்றால் பாதியில் நின்றது. அக்பர் நவாசு விலக, சிங்கப்பூரின் சத்தியசாகரா பயிற்றுநர் ஆனார்.

2020-21 ஐ-லீக் முழுவதும் கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டது. முதல் ஆட்டத்தில் கோகுலம் கேரளாவை 2-1 என வென்ற போதிலும், முதற்கட்ட முடிவில் சென்னை சிட்டி கீழ்ப்பாதிக் குழுவிலேயே ஆட நேர்ந்தது. அப்பருவத்தின் பட்டத்தைக் கோகுலமே வென்றது. 2021-22 பருவ ஐ-லீக்கில் சென்னை சிட்டி ஆடவில்லை.

கழகத்தின் வழியாக வந்த ஆட்டக்காரர்கள் பிற அணிகளில் தொடர்ந்தனர். மைக்கேல் சூசைராஜ் 2019 இல் இந்திய அணிக்கு ஆடினார். அலெக்சாண்டர் உரொமாரியோ ஜேசுராஜ் 2020 இல் எஃப்சி கோவாவிலும், அஜித் குமார் பெங்களூர் எஃப்சியிலும் சேர்ந்தனர். முதல் பருவத்தில் இளைஞராக ஆடிய நந்தகுமார் சேகர் டெல்லி, ஒடிசா அணிகளைக் கடந்து 2023 இல் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். அவ்வாண்டு இந்திய அணியிலும் இடம்பெற்றார். 2023 ஆகத்து 12 அன்று டூரண்டு கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், பல ஆண்டுகளாக அந்த மோதலில் வெற்றி காணாத ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி தேடித் தந்தது.